ஓகே அழுத்தியது யார்?

விருதுநகரில் எங்கள் வீட்டு டிவி காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடும். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது ஏதாவது ஒரு கோயிலின் அபிஷேகம் திரையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏழு மணிக்கு ராசிபலன். அப்புறம் ரிமோட் அப்பா கைக்குப் போகும். ஒரே செய்தியை மூன்று சேனலில் பார்த்து, எவன் எதை விட்டுவிட்டுச் சொல்கிறான் என்று அவர் கண்டுபிடிப்பார். பத்து மணிக்கு மேல் மூட்டுவலி பற்றியோ சர்க்கரை பற்றியோ பேசும் டாக்டர், மதியம் சீரியல், சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தால் கார்ட்டூன், இருட்டிய பிறகு மறுபடியும் சீரியல், தூக்கம் வராத இரவுகளில் யூடியூபில் பழைய பட்டிமன்றம்.

இந்த வரிசை முழுதாக ஒருவர் கைக்குக் கிடைத்தால், எங்கள் வீட்டைப் பற்றி அவர் தனியாக விசாரிக்க வேண்டியதே இல்லை. எந்தச் சாமி, எந்த ராசி, யாருக்கு என்ன நோய், யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், வீடு எந்த நாட்களில் பூட்டிக் கிடக்கிறது எல்லாம் அதிலேயே இருக்கிறது. கட்சியும் இருக்கிறது. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி என்று கட்சிக்கொரு சேனல் பார்த்த மாநிலம் இது. எந்தச் சேனலில் செய்தி ஓடுகிறது என்று தெரிந்தால் அந்த வீட்டு ஓட்டை ஓரளவு ஊகித்துவிடலாம்.

அந்த வரிசையை எடுத்து வைக்கும் வேலையை இப்போது டிவியே செய்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன் என்பதன் சுருக்கம். திரையில் என்ன ஓடுகிறது என்று டிவி தானாகவே அடையாளம் காணும் ஏற்பாடு. திரையில் தெரியும் படத்திலிருந்தும் சில சமயம் ஒலியிலிருந்தும் துணுக்குத் துணுக்காக மாதிரி எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த மாதிரிகளைச் சுருக்கி, சிறிய எண்கோவையாக்கி, நிறுவனத்தின் சர்வருக்கு இணையம் வழியே அனுப்பும். அங்கே நிகழ்ச்சிகளுக்கும் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இதே போன்ற எண்கோவைகள் ஏற்கெனவே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது. இந்த டிவியில் இந்த நிமிடம் இந்தத் தொடர், இந்த விளம்பரம் வந்தவுடன் சேனலை மாற்றிவிட்டார்கள் என்பது வரை தெரிந்துவிடும்.

ஊரில் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "நாங்க கேபிள்தானே பார்க்கிறோம், நெட்டுல எதுவும் பார்க்கிறதில்லையே" என்பது. கேபிளா நெட்டா என்பது ஏசிஆருக்கு ஒரு பொருட்டே இல்லை. அது பார்ப்பது திரையை. செட்-டாப் பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயர் வழியாக வரும் படமும் அதே திரையில்தான் விழுகிறது. வைஃபை மட்டும் டிவிக்குக் கிடைத்திருந்தால் போதும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், மாட்ரிட்டின் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2024இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து, அவற்றிலிருந்து வெளியே போகும் தரவைக் கண்காணித்தார்கள். ஆன்டெனா வழியாக வரும் சேனல்களைப் பார்க்கும்போது ஏசிஆர் தரவு போனது. ஹெச்டிஎம்ஐ வயரில் வேறு கருவியை மாட்டி, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் போனது. மடிக்கணினியை டிவியில் மாட்டிக் கல்யாணப் போட்டோவோ வங்கிக் கணக்கோ பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். டிவிக்குள்ளேயே இருக்கும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளில் பார்த்தபோது மட்டும் அது நடக்கவில்லை. அங்கே நாம் என்ன பார்க்கிறோம் என்ற கணக்கை அந்தச் செயலியே வைத்துக்கொள்கிறது. எல்ஜி பத்து மில்லிவினாடிக்கு ஒரு முறையும் சாம்சங் ஐந்நூறு மில்லிவினாடிக்கு ஒரு முறையும் திரையை மாதிரி எடுப்பதாக அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. அதில் நல்ல செய்தியும் ஒன்று உண்டு. டிவியின் அமைப்புகளில், அதாவது செட்டிங்ஸில், இதை நிறுத்தியதும் அந்தத் தரவு போவது நின்றுவிட்டது.

ஆக, நிறுத்த முடியும். அப்படியென்றால் இதற்குச் சம்மதம் என்று யார் சொன்னார்கள்?

எங்கள் வீட்டில் சொன்னவர் டிவியை மாட்ட வந்த பையன். பழைய டிவியில் கோடு விழ ஆரம்பித்ததும் புதிதாக ஒன்று வாங்கினோம். சுவரில் ஆணி அடித்து, டிவியை மாட்டி, வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொண்டு அவன் ரிமோட்டைக் கையில் எடுத்தான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. கீழே இறங்கினால் இன்னும் நீளும் பக்கம். ஓகே. அடுத்த பக்கம். ஓகே. "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டன், பளிச்சென்று நிறம் போட்டு. ஓகே. அம்மா அவனுக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போயிருந்தார். அப்பா வாரன்டி அட்டையில் கடை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு அவன் இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அவனுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனால் காலை ஐந்தரையிலிருந்து அந்த டிவியின் முன்னால் உட்காரப்போகும் இரண்டு பேரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கை அழுத்தியது குடும்பத்தின் சம்மதமாகிவிட்டது.

டிவி பார்ப்பதை அளப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்டு அளக்கும் வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. பார்க் இந்தியா என்ற அமைப்பு சுமார் 58,000 வீடுகளில் மீட்டர் வைத்துத்தான் டிஆர்பி கணக்கிடுகிறது. சேனல்கள் தங்கள் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்றைக் கலந்து அனுப்புகின்றன, மீட்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன் உண்டு. டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரவர் பட்டனை அழுத்த வேண்டும். அந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது. 2020இல் மும்பையில் டிஆர்பி மோசடி என்று வழக்கு வந்து, செய்திச் சேனல்களின் ரேட்டிங்கையே ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் மீட்டர் வைத்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தங்கள் வீட்டில் மீட்டர் இருக்கிறது என்று தெரியும். பாட்டிக்கு ஒரு பட்டன் என்றால், தான் பார்ப்பது எண்ணப்படுகிறது என்று பாட்டிக்குத் தெரியும்.

கேட்காமலே எடுத்து மாட்டிக்கொண்ட கதைகள் அமெரிக்காவில் நிறைய. விஸியோ என்ற டிவி நிறுவனம் 2014 பிப்ரவரியிலிருந்து, 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், வினாடிக்கு வினாடி என்ன ஓடியது என்று சேகரித்து விற்றது. வாங்கிய நிறுவனங்கள் அதனுடன் வீட்டாரின் வயது, வருமானம், கல்வி, திருமணமானவரா, சொந்த வீடா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கவும் வழி செய்துகொடுத்தது. அந்த வசதிக்கு அமைப்புகளில் அவர்கள் வைத்திருந்த பெயர் "ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி". விளக்கமாக இருந்ததோ, நிகழ்ச்சிகள் பற்றிய சலுகைகளையும் பரிந்துரைகளையும் இது தரும் என்ற ஒரு வரி. உன் வீட்டுத் திரையைப் பதிவு செய்கிறோம் என்று எங்கும் இல்லை. 2017 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் தொடுத்த வழக்கை 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். கணக்குப் போட்டால் ஒரு டிவிக்கு இருபது சென்ட், அன்றைய மதிப்பில் பதின்மூன்று ரூபாய் சொச்சம். மூன்று வருஷம் ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொண்டதற்கு அவ்வளவுதான் விலை.

அதே நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் பில் பாக்ஸ்டர் 2019இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். டிவி தயாரிப்பில் லாபம் ஆறு சதவீதம் அளவில்தான், விற்ற பிறகு அந்த டிவியிலிருந்து வரும் வருமானமும் சேர்ந்துதான் விலையைக் குறைவாக வைக்க முடிகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 32 இஞ்ச் டிவி ஒன்று நல்ல போனைவிடக் குறைந்த விலைக்கு எப்படிக் கிடைக்கிறது என்று அப்பா ஒரு முறை ஆச்சரியப்பட்டார். அதற்கான பதிலில் ஒரு பாதி இதில் இருக்கிறது.

எல்ஜி கதை இன்னும் நெருக்கமானது. 2013இல் பிரிட்டனில் ஒருவர், தன் எல்ஜி டிவி எந்தச் சேனல் பார்க்கிறார் என்பதை மட்டுமல்லாமல், மாட்டியிருந்த யுஎஸ்பியில் உள்ள கோப்புகளின் பெயர்களையும் வெளியே அனுப்புவதைக் கண்டுபிடித்தார். அமைப்புகளில் அதை அணைத்த பிறகும் போய்க்கொண்டிருந்தது. எல்ஜி அதை ஒப்புக்கொண்டு அப்டேட் தருவதாகச் சொன்னது. நம் வீடுகளில் பென் டிரைவில் என்ன இருக்கும்? சீமந்தம், காதுகுத்து, தாத்தாவின் பதினாறாம் நாள். கோப்பின் பெயரிலேயே யார் வீட்டு விசேஷம், எந்தத் தேதி என்று எழுதித்தான் வைத்திருப்போம். 2025 டிசம்பரில் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரல், சாம்சங், எல்ஜி, சோனி, ஹைசென்ஸ், டிசிஎல் என்று ஐந்து நிறுவனங்கள் மீது ஏசிஆர் விஷயமாகவே வழக்குப் போட்டிருக்கிறார். ஐந்துமே நம் ஊர்க் கடைகளில் வரிசையாக மாட்டியிருக்கும் பெயர்கள்.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது, நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, எங்கள் தெருவில் டிவி என்றைக்கும் ரகசியமாக இருந்ததில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கிய பிறகும் தெருவுக்கு ஒரு டிவி வர வெகுகாலம் ஆனது. வெள்ளிக்கிழமை இரவு சினிமாப் பாட்டுக்கு டிவி இருக்கும் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். 2006க்குப் பிறகு அரசு இலவசக் கலர் டிவி கொடுத்து வீட்டுக்கு வீடு பெட்டி வந்தபோதும், சீரியல் வசனம் ஒரு வீட்டில் விட்ட இடத்திலிருந்து அடுத்த வீட்டில் கேட்கும். அம்மா என்ன பார்க்கிறார் என்று தெருவுக்கே தெரியும்.

ஆனால் தெருவுக்குத் தெரிவதும் நிறுவனத்துக்குத் தெரிவதும் ஒன்றாகாது. எதிர்வீட்டு அக்காவுக்கு அம்மா பார்ப்பது தெரியும் என்றால், அக்கா பார்ப்பது அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் மறுநாள் குழாயடியில் அதைப் பேசிச் சிரிப்பார்கள். அக்காவுக்குத் தெரிந்தது அக்காவோடு நிற்கும், மிஞ்சினால் நான்கு வீடு தாண்டும். அதை வயதோடும் வருமானத்தோடும் சேர்த்து முடிச்சுப்போட்டு விற்க அவருக்கு வழியும் இல்லை, மனசும் வராது. டிவி நிறுவனத்தில் யார் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்க்கிறார்கள் என்று அம்மாவுக்கு எக்காலத்திலும் தெரியப்போவதில்லை.

எண்பதுகளில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்களுக்குக் கேசட் கடைக்காரரின் நோட்டு நினைவிருக்கும். யார் வீட்டுக்கு என்ன படம் போனது என்பது எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவிலும் அப்படி ஒரு கடையின் பட்டியல் வெளியே வந்தது. 1987இல் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க அதிபர் ரீகன் பரிந்துரைத்திருந்த நேரம். வாஷிங்டனில் ஒரு வார இதழின் நிருபர், போர்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியலை அவர்கள் வழக்கமாகப் போகும் வீடியோ கடையிலிருந்து வாங்கி, அதை வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார். பட்டியலில் அசிங்கமாக எதுவும் இல்லை, எல்லா வீட்டிலும் பார்க்கிற படங்கள்தான். ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்றம் பதறிப்போனது. மறு வருஷமே, 1988இல், வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் வீடியோ வாடகை விவரத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அப்பாவின் கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லாத ஒரு பட்டியலுக்காகத்தான் அந்தச் சட்டமே வந்தது.

நிறுவனத்தை விடுங்கள். வீட்டுக்குள்ளேயே இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குப் புரிந்தது வேறொரு சம்பவத்தில்.

புது டிவியில் யூடியூப் என் கூகுள் கணக்கில் திறந்திருந்தது. அம்மாவுக்குத் தனிக் கணக்கு கிடையாது, நிறைய வீடுகளில் அப்படித்தான். பிள்ளையின் கணக்கில் பெற்றோர் பார்ப்பார்கள். அதனால் சென்னையில் என் போனிலும் முருகன் பாட்டும் பட்டிமன்றமும் பரிந்துரையாக வந்துகொண்டிருக்கும், எனக்கு அது பிடிக்கவும் செய்தது. ஒரு நாள் வரிசை மாறியது. கழுத்தில் கட்டி, தைராய்டு கட்டி, கட்டி கரைய என்ன சாப்பிடலாம், எந்தக் கட்டி புற்றுநோயாக மாறும். பார்த்த வரலாற்றில் நேரமும் இருந்தது. எல்லாமே அப்பா தூங்கிய பிறகு, இரவு பதினோரு மணிக்கு மேல்.

உடனே அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "உனக்கு யாரு சொன்னா?" என்றார். டிவியில் பார்த்தது என் போனில் தெரியும் என்றேன். "அப்ப நான் பார்க்கிறது எல்லாம் உனக்குத் தெரியுமா? இத்தனை நாளாவா?" கட்டியைப் பற்றி அவர் பேசியதைவிட அந்தக் கேள்வியில்தான் குரல் அதிகம் கலங்கியிருந்தது.

மதுரையில் டாக்டரிடம் காட்டி, ஊசி வைத்து எடுத்துச் சோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம், நல்ல வேளை டிவி காட்டிக்கொடுத்தது என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தங்கையின் வளைகாப்பு முடியட்டும் என்று அம்மா காத்துக்கொண்டிருந்தார். அதுவரை அந்தப் பயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவர் முடிவு செய்திருந்தார், அந்த முடிவுக்கு அவருக்கு உரிமை இருந்தது. மகனுக்குத் தெரிந்ததற்கே ஒருவர் இவ்வளவு கூசிப்போகிறார் என்றால், முகம் தெரியாத ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் தெரிவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யாராவது அவரிடம் கேட்டிருக்க வேண்டாமா?

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா பெயரில் தனிக் கணக்கு ஒன்று ஆரம்பித்துக் கொடுத்தேன். பாஸ்வேர்டை அவரே ஒரு டைரியில் எழுதி வைத்துக்கொண்டார், நான் கேட்கவும் இல்லை. அன்றைக்கே டிவியின் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கேட்டேன். நீங்கள் பார்க்கும் நிகழ்ச்சிகளின் விவரத்தை எடுத்துக்கொள்ளலாமா? "எதுக்கு?" உங்களுக்கு ஏற்ற விளம்பரம் காட்டுவதற்கு. அப்பா, "யாருக்கெல்லாம் குடுப்பாங்க?" என்றார். கூட்டாளி நிறுவனங்களுக்கு என்றுதான் போட்டிருக்கிறது, பெயர் இல்லை என்றேன். "பேர் சொல்லாதவனுக்கு எதுக்குக் குடுக்கணும், வேண்டாம்னு போடு." பார்த்ததை வைத்து அடுத்த நிகழ்ச்சியைப் பரிந்துரைக்கலாமா என்பதற்கு அம்மா சரி என்றார். குரலைப் பற்றிக் கேட்டபோதுதான் கொஞ்சம் யோசித்தார்.

குரல் விஷயம் அவ்வளவு எளிதில்லை. 2015இல் சாம்சங்கின் தனியுரிமைக் கொள்கையில் ஒரு வரி பெரிய சர்ச்சையானது. நீங்கள் பேசும் சொந்த விஷயங்களும் குரல் வசதி வழியாகப் பிடிக்கப்பட்டு வேறு நிறுவனத்துக்கு அனுப்பப்படலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ரிமோட்டில் மைக் பட்டனை அழுத்தித் தமிழில் பேசினால் தேடித் தருகிறது என்பது அம்மாவுக்குப் பெரிய விடுதலை. அந்தச் சின்னத் திரை விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி அவரால் எதையும் தேட முடியாது. அதனால் பட்டனை அழுத்தும்போது மட்டும் கேட்கும்படி வைத்து, கூப்பிட்டாலே விழித்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டோம். முழுக்க அவர் எடுத்த முடிவு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எழுபதை நெருங்கும் இரண்டு பேர், தங்கள் மொழியில் கேட்டால், எதைக் கொடுப்பது எதை மறுப்பது என்று தெளிவாகவே சொல்கிறார்கள்.

சட்டமும் இதைத்தான் கேட்கச் சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது. தமிழ் அதில் இருக்கிறது. எங்கள் டிவியில் மெனுவைத் தமிழுக்கு மாற்றினால் "அமைப்புகள்" என்று அழகாக வருகிறது, ஒப்பந்தத்தைத் திறந்தால் மட்டும் ஆங்கிலம். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஏற்பதற்கு ஒரே பட்டன், மறுப்பதற்கு நான்கு மெனுவுக்குள் இறங்க வேண்டும் என்ற இன்றைய ஏற்பாடு அதற்கு நேர் எதிர். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்வதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை இருக்கிறது. சாயங்காலம் எங்கள் வீட்டில் கார்ட்டூன் பார்க்க வரும் பிள்ளைக்கு ஐந்து வயது.

சட்டம் வந்தாலும் விதிகள் வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. அப்போதும் ஒரு சிக்கலை நான் எதிர்பார்க்கிறேன். இது ஆள் விவரம் இல்லை, வெறும் கருவியின் விவரம் என்று நிறுவனங்கள் வாதாடும். டிவிக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு பட்டியல், யார் பெயரும் இல்லையே என்பார்கள். அதை ஏற்கவே கூடாது. காலை ஐந்தரைக்கு அபிஷேகமும் ராத்திரி பதினோரு மணிக்குக் கழுத்துக் கட்டியும் பார்ப்பது கருவி இல்லை. சேவை மையங்களிலிருந்து டிவியை மாட்டிக்கொடுக்க வருபவர்களுக்கும் ஒரு விதி வேண்டும். வைஃபை பாஸ்வேர்டைப் போட்டதோடு அவர்கள் வேலை முடிய வேண்டும், சம்மதப் பக்கம் வீட்டுக்காரர் கையில் ரிமோட் வந்த பிறகுதான் திறக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை இது.

அதுவரை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. சாம்சங் டிவி என்றால் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்" என்ற பெயரில் இருக்கும். எல்ஜியில் "லைவ் பிளஸ்". சில சோனி டிவிகளில் "சாம்பா இன்டராக்டிவ் டிவி". கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவிகளில் விளம்பரத்துக்காக டிவிக்குத் தரப்படும் அடையாள எண்ணான விளம்பர ஐடியை நீக்கவும், பயன்பாட்டு விவரம் அனுப்புவதை நிறுத்தவும் தனித்தனியாக இடம் உண்டு. மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும், எந்தப் பெயரிலும் "கண்காணிப்பு" என்று மட்டும் இருக்காது. அணைப்பதற்கு முன் பெற்றோரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள், அவர்கள் வேண்டும் என்று சொல்வதை விட்டுவையுங்கள். யூடியூபில் யார் கணக்கு திறந்திருக்கிறது என்றும் பாருங்கள். யூடியூப் தேவைப்படாத வீடு என்றால் வைஃபையே கொடுக்க வேண்டாம், செட்-டாப் பாக்ஸ் அது இல்லாமலே ஓடும்.

சாஃப்ட்வேர் அப்டேட் வரும்போது இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். சில அப்டேட்டுகள் அதே ஒப்பந்தத்தை மறுபடி திரையில் கொண்டுவந்து ஓகே கேட்கும். அந்த நேரம் பார்த்து நாம் ஊரில் இருக்க மாட்டோம், சீரியல் தொடங்குகிற நேரமாகவும் இருக்கும், ரிமோட் அம்மா கையில் இருக்கும். ஆங்கிலத்தில் நீளமாக எது வந்தாலும் ஓகே அழுத்தாமல் பின்னால் போகும் பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். போகவில்லை என்றால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் தமிழில் படித்துச் சொல்வேன், அவர் முடிவு செய்வார்.